சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

1974 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் செல்லப்பன் மனைவி தையல்நாயகிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோ நானூறு கிராம். துணை நர்ஸ் சகாயமேரி பிரசவம் பார்த்தாள்.

பதினோராம் நாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்கள். தையல்நாயகி, செல்லப்பன், செல்லப்பனின் அக்காள் குப்பம்மாள், கூடவே சகாயமேரி. நர்ஸ் வரவேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. அன்றைக்கு அவள் நடக்கவேண்டிய ஊர்கள் இரண்டு இருந்தன. ஆனால் குழந்தையின் வயிற்றைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தோல் மினுங்கும் அளவுக்கு வயிறு உப்பியிருந்தது. விடியற்காலையிலிருந்து பச்சையாக வாந்தி. துணியில் ரத்தம்.

பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்து நகர்ந்து போயிற்று. சகாயமேரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக ஆறு குடியிருப்புகளுக்கு நடக்கிறாள். முதல் மூன்று வருஷம் யாரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. இப்போதுதான் இடுப்பு வலி கண்டதும் அவளுக்கு ஆள் அனுப்புகிறார்கள். காலில் ஒரு நாள்கூட வீக்கம் வடிவதில்லை.

திண்டிவனத்தில் டாக்டர் வயிற்றை ஒரு தடவை தொட்டதுமே பாண்டிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த பஸ் பிடித்துப் பாண்டியின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று.

குழந்தை வார்டு டாக்டர் தட்சணாமூர்த்திக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவரும் தூங்கி ரொம்ப நேரம் ஆனவர் மாதிரிதான் இருந்தார். குழந்தையின் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் ஈரத்தோடு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு வியாதி இருக்குது," என்றார். "இதயத்துல ஓட்டை. அது பிறக்கும்போதே வந்தது, யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அதனால குடலுக்குச் சரியா ரத்தம் போகல. இப்ப குடல் வெந்துபோயிருக்குது. குடல்ல இன்னும் ஓட்டை விழல. விழுந்தா அறுக்கணும். இந்த இதயத்தோட அறுத்தா தாங்காது." தையல்நாயகி பக்கம் திரும்பினார். "என்ன குடுத்தீங்க?"

"தாய்ப்பால் சார். சப்பமாட்டேன்னுது. அப்புறம் நாலு நாளா பவுடர் பால், சங்குல."

"அழுக்குத் தண்ணியில கரைச்சிருப்பீங்க."

"கொதிக்க வெச்சேன் சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. வாயில இனிமே ஒரு சொட்டு போகக்கூடாது. பால், தண்ணி, சர்க்கரைத் தண்ணி, ஒண்ணும்."

வற்றிப்போன குழந்தை என்று குளுக்கோஸ் தண்ணீரை வேகமாக ஏற்றச் சொல்லிவிட்டு, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு மறுநாள்தான் வரும். கேஸ் ஷீட்டில் 'அசுத்தமான தண்ணீர்' என்று எழுதுவதைச் சகாயமேரி பார்த்தாள்.

வராந்தாவில் வந்து உட்கார்ந்ததுமே குப்பம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"அப்பவே சொன்னேன், நெறமாசத்துல உப்புப் பாத்தியில நிக்காதடின்னு. கேட்டாளா?"

"நீதானக்கா அவளைக் கூட்டிக்கிட்டுப் போன," என்றான் செல்லப்பன்.

"வாய மூட்றா. பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான் வக்கீலு. கொதிக்க வெச்சேங்குறா. எந்த லட்சணத்துல வெச்சாளோ, டாக்டரு மூஞ்சிக்கு நேரா கேட்டாரு இல்ல?"

தையல்நாயகி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். புடவை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. அதை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பவுடர் பால் கொடுத்தவள் சகாயமேரி. மூன்றாம் நாள் போனபோதே பார்த்தாள்: குழந்தை நாலு சப்பு சப்பிவிட்டு மூச்சு வாங்கியது, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இளைத்த குழந்தை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். ஏழாம் நாளும் அது தேறவில்லை என்றதும் சுகாதார மையத்திலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள். போன கோடையில் அதே குடியிருப்பில் வயிற்றுப்போக்கில் இரண்டு குழந்தைகள் போனதால் குரலை உயர்த்தியே சொன்னாள்: "தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு, ஆத்திக் கலக்கணும். நல்லான்னா நல்லா. பாதிக் கொதியில எறக்கிடாத."

இப்போது தையல்நாயகியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தத் தண்ணிம்மா எடுத்த?"

"பக்கத்துக் கேணித் தண்ணிதான் நர்ஸம்மா. நல்ல தண்ணிக்கு ரெண்டு மைலு போவணும். பச்ச ஒடம்பு, முடியல. அண்ணியும் பாத்திக்குப் போயிடுது."

"எவ்ளோ நேரம் கொதிச்சுது?"

"சுண்டற வரைக்கும். ஒரு சொம்பு வெச்சா கால் சொம்பு ஆவணும், அதுவரைக்கும். கஷாயத்துக்கு வெக்கிற மாதிரி. நீங்கதான நல்லா, நல்லான்னு சொன்னீங்க."

சகாயமேரி குரலைத் தாழ்த்தினாள். "வாயில வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். கரிச்சுது. அதான் ரெண்டு கல்லு கல்கண்டு போட்டேன்."

"தண்ணி சுண்டினா உப்பு நிக்கும் தையலு."

தையல்நாயகி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அது தெரியாதா நர்ஸம்மா? அதைத்தான வருஷம் முச்சூடும் பண்றோம். படிச்சவங்க சொல்றாங்க, கொழந்தைக்கு அப்பிடித்தான் போலன்னு நெனச்சேன்."

திறந்த கதவு வழியாக உள்ளே பாட்டில் தொங்குவது தெரிந்தது. சொட்டு சொட்டாக, வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. சகாயமேரி பயிற்சியில் படித்தது அரைகுறையாக நினைவுக்கு வந்தது. உடம்பில் உப்பு ஏறிக் கிடக்கும்போது குளுக்கோஸ் தண்ணீரை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். சரியா என்று தெரியவில்லை. நாளைக்கு ரத்தப் பரிசோதனை வந்துவிடும், டாக்டரே பார்த்துக்கொள்வார். அசுத்தமான தண்ணீர் என்று எழுதியாயிற்று. குடியிருப்பில் யாரும் அவளைக் கேட்கப் போவதில்லை. சொன்னால், ஆறு ஊரிலும் அவள் கையால் ஒரு மாத்திரைகூட வாங்கமாட்டார்கள்.

இரண்டு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள். எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது.

டாக்டர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையில் சாய்ந்திருந்தார்.

"சார், அந்த மரக்காணம் குழந்தை. அவங்க கொதிக்க வெச்சது நெசம். உப்புக் கேணித் தண்ணி. கால்வாசியா சுண்ட வெச்சு, அதுல பவுடர் கலக்கியிருக்காங்க. நாலு நாளா."

டாக்டர் டீயை வைத்தார். வார்டுக்குள் போய், பாட்டில் குழாயின் திருகைத் தானே இறுக்கினார். சொட்டு நின்று நின்று விழுந்தது. ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டு வேறு பாட்டில் கொண்டுவரச் சொன்னார். திரும்பி வந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"யார் அப்படிச் செய்யச் சொன்னது?"

"நான்தான் சார். கொதிக்க வைன்னு சொன்னேன். எவ்ளோ நேரம்னு சொல்லல. எந்தத் தண்ணின்னும் கேக்கல."

"அங்கதான இருக்கீங்க? அந்த ஊர்த் தண்ணி உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்ல தண்ணி ஒரு குடம் கொண்டுவந்து ஊத்திடுவாங்க சார்."

டாக்டர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "எழுதிக் குடுங்க," என்று ஒரு தாளை நகர்த்தினார். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தாயிடம் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அதையும் அவளே போய்ச் சொன்னாள். "தப்பு உன்னுது இல்ல தையலு. நான் சொன்ன விதம் தப்பு. அந்த உப்புதான் குடலைக் கெடுத்திருக்குது. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

குப்பம்மாள் எழுந்துவிட்டாள். "அப்ப நீதான் எந்தம்பி புள்ளைய உப்புல ஊறப் போட்டியா? கருவாடு போடற மாதிரி? கவர்மெண்டு சம்பளம் இதுக்குத்தான் வாங்குறியா?"

"அக்கா, ஆஸ்பத்திரி," என்றான் செல்லப்பன்.

"ஆஸ்பத்திரின்னா? இங்கயும் வெள்ளப் பொடவைதான சுத்துது?" அவள் நிறுத்தவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சகாயமேரி நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

குப்பம்மாளுக்கு மூச்சு வாங்கியபோது தையல்நாயகி கேட்டாள்: "டாக்டருக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?"

"தெரிஞ்சுபோச்சு."

"மருந்த மாத்திட்டாரா?"

"மாத்திட்டாரு."

"சரி." சுவரில் தலையைச் சாய்த்தாள். "பால் கட்டிக்கிச்சு நர்ஸம்மா. நெஞ்செல்லாம் கல்லாட்டம் இருக்குது. எங்கயாவது பீச்சி வுடணும்."

சகாயமேரி வார்டிலிருந்து ஒரு கிண்ணம் வாங்கிவந்தாள். ஒரு புடவையைத் திரையாகப் பிடிக்கச் சொல்லிக் குப்பம்மாளிடம் கொடுத்தாள். குப்பம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கி, விரித்துப் பிடித்தாள். பீச்சிய பாலைக் கொட்டவேண்டியதாயிற்று.

மறுநாள் மாலை பரிசோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் உப்பு இருக்கவேண்டிய அளவை எங்கேயோ தாண்டியிருந்தது. அன்றைக்குக் குழந்தைக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது, அதற்குப்பின் வரவில்லை. அறுவை டாக்டர் தினமும் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சகாயமேரி மறுநாளே ஊர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தாள். இரண்டு வாரம் குழந்தையின் வாயில் ஒன்றும் போகவில்லை. தையல்நாயகி மூன்று மணிக்கொரு தடவை பாலைப் பீச்சிக் கொட்டினாள், வற்றிவிடக்கூடாது என்று. பதினைந்தாம் நாள் அந்தப் பாலில் அரைக் கரண்டி, மூக்குக் குழாய் வழியாக உள்ளே போயிற்று. வயிறு உப்பவில்லை.

ஜூலை 18 அன்று குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். குடலை அறுக்க வேண்டிவரவில்லை. இதயத்து ஓட்டை அப்படியே இருந்தது. ஒரு வயதில் மறுபடி கொண்டுவரச் சொன்னார்கள். சகாயமேரிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவள் பதில் எழுதினாள். ஆகஸ்ட் முதல் தேதி அவளை உள்நாட்டுப் பக்கம் வேறொரு மையத்துக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு நவம்பர் வரை யாரையும் போடவில்லை.