றூபன் தோட்டா செய்யும்போது அழுவதில்லை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம்: ஒரு பொய்யில். அருள்நாயகி எழுதி, நீங்கள் படித்து, உங்களில் பலர் கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகத்தோடு முகநூலில் பகிர்ந்துகொண்ட பொய். லண்டன் மனோர் பார்க்கில் வாழும் ஒரு முன்னாள் போராளி, வீட்டுப் பின்புறக் கொட்டிலில் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவுக்கும் செத்துப்போன ஒரு தோழனின் பெயரைச் சொல்லி அழுதபடி வெடிமருந்து நிரப்புவானே, அந்தக் கதை. ஞாபகம் வராமலா இருக்கும்? அவ்வளவு அழுதீர்களே.

அதை எழுதிய அருள்நாயகிதான் இதையும் எழுதுகிறார். ‘நான்’ என்று எழுதினால் வாக்குமூலம் ஆகிவிடுமோ என்று பயந்து, தன்னையே ‘அருள்நாயகி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். பொலிஸ்காரர் படிக்கப்போகும் கதைக்கு அது பாதுகாப்பு என்று ஓர் எண்ணம். தவிர, தன்னைத் தானே திட்டுவதற்கும் இதுதான் வசதி.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மழை தூறிக்கொண்டிருந்தது. லண்டனின் சாம்பல் நிற வானத்தின் கீழே ஓர் அகதியின் மனம் —

(வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில்.)

இரண்டாம் முயற்சி:

வெடிமருந்தின் வாசம் மூக்கில் ஏறியதும் அவன் மீண்டும் அந்தக் கடற்கரைக்கே —

(நிறுத்தும், அருள்நாயகி! இந்த வியாதியால்தானே இவ்வளவும் வந்தது. றூபனின் கொட்டிலில் மணத்தது வெடிமருந்து இல்லை, புளி.)

மூன்றாம் முயற்சி, கொஞ்சம் அடக்கமாக:

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் எல்லாரும் தேநீரும் கேக்குமாக நின்றபோது, றூபன் அருள்நாயகியிடம் வந்தான்.

“அக்கா, எனக்கொரு ரெஃபரன்ஸ் தர ஏலுமோ?”

“ஓம், அதுக்கென்ன. வேலைக்கோ?”

“இல்லை. துவக்குக்கு.”

கேக் அருள்நாயகியின் வாயருகே அப்படியே நின்றது. துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க, இவன் நல்லவன், நிதானமானவன் என்று சொல்ல சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் வேண்டுமாம். அருள்நாயகி உடனே சம்மதித்தார். குணத்துக்குச் சாட்சி சொல்லும் ஆசை என்றா நினைக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்தான், துவக்கு, லண்டன். மூன்றையும் கேட்டவுடனேயே மனுசி மனதுக்குள் தலைப்பு யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

3

றூபனைப் பற்றி. ஃபாரஸ்ட் கேட்டில், வீடுகளை விற்கவும் வாடகைக்கு விடவும் செய்யும் கம்பனியில் வேலை. படுத்தால் கால் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அறையை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ‘டபுள் பெட்ரூம்’ என்பான். ஆனால் தோட்டா என்று வந்துவிட்டால் ஒரு மயிரிழை பொய்யும் வாயில் வராது. அது ஒரு நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையை மட்டுமே, அதுவும் நிறுத்தாமல், தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை சொல்லும் மனிதனைப் பொறுத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அவன் மனைவி துசியந்தியைக் கேட்டால் தெரியும்.

“வாங்கோ அக்கா,” என்றாள் துசியந்தி, பார்க்க வந்த அருள்நாயகிக்கு வீட்டுப் பின்புறக் கொட்டிலின் கதவைத் திறந்துவிட்டு. “நீங்களாவது கேளுங்கோ. நான் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

மேசையில் ஒரு கைப்பிடி வைத்த இரும்பு அழுத்தி, நகைக்கடைத் தராசு போல ஒரு சின்னத் தராசு, ஒரு கிண்ணத்தில் புளித்தண்ணீர். அதற்குள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பித்தளைக் கோதுகள், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக் கோதுகள், ஊறிக்கொண்டிருந்தன.

“வெள்ளைக்காரர் இதுக்கெண்டு போத்தில்ல மருந்து விக்கிறாங்கள்,” என்றான் றூபன். “பித்தளை எண்டால் எங்களுக்குப் புளிதானே, அக்கா. அளவா ஊறவிட்டுக் கழுவினால் காணும்.”

“என்ர புளி,” என்றாள் துசியந்தி. “சமையல் தராசையும் கேட்டவர். நான் குடுக்கேல்லை.”

பிறகு றூபன் செய்து காட்டினான். கழுவிக் காயவைத்த, சுட்டபோது விரிந்த கோதை அழுத்தியில் வைத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்தான். அடியில், தீப்பொறி கொடுக்கும் புதுப் பிரைமர். தராசில் நிறுத்தெடுத்த வெடிமருந்து. மேலே குண்டு. ‘ஹார்னெட்’ என்பது அந்தத் தோட்டாவின் பெயர். துப்பாக்கி அவனைவிட வயது கூடியது.

“இதின்ர கழுத்து சரியான மெல்லிசு. கொஞ்சம் அவசரப்பட்டால் நசுங்கிப்போடும்.”

“கடையில வாங்கினால் என்ன?”

“கடைத் தோட்டா இதுக்கு ஒத்துக்கொள்ளாது. அங்கையும் இங்கையும் போகும். பழைய துவக்கு, அக்கா. தனக்குப் பிடிச்சதைத்தான் சாப்பிடும்.”

“மாமி மாதிரி,” என்றாள் துசியந்தி.

இந்த இடத்தில் அருள்நாயகி தூண்டிலைப் போட்டார். குரலைத் தாழ்த்தி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, நேர்காணல் எடுப்பவர்கள் செய்வதுபோல.

“றூபன்... ஊரில இருக்கேக்க உமக்கு இதெல்லாம் பழக்கமோ?”

“ஊரிலயோ? நான் சின்னப் பெடியனா வந்திட்டன். அங்க நான் கொளுத்தினது நத்தார்ப் பண்டிகைக்குச் சீனவெடி. அதுக்கும் காதைப் பொத்தினனான்.”

“அப்ப இது ஆர் பழக்கினது?”

“ஒஃபிசில டெரெக் எண்டு ஒருத்தன். ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனவன். பிடிச்சுப்போட்டுது. எஸ்ஸெக்ஸில ஒரு கோழிப் பண்ணை. நரி வாறது, நான் சுடுறன். அவ்வளவுதான்.”

“கனவு ஏதும் வாறதோ?”

“வாறது. வீட்டு மோட்கேஜ் வட்டி ஏறுற மாதிரி.”

4

இப்போது அருள்நாயகியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். டெரெக்! கோழி! மோட்கேஜ்! இதை வைத்துக்கொண்டு எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போவது? ஈழத்தமிழனின் கையில் துவக்கு இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அவன் எதற்கு?

எனவே காயம் ஒன்றைச் செய்தார். றூபன் தோட்டா செய்வதைவிட மிகச் சுலபமாக. எதையும் நிறுக்கவில்லை, எதையும் அளக்கவில்லை. டெரெக்கைத் தூக்கிவிட்டு ஓர் இயக்கத்தை வைத்தார். நரியை அறவே எடுத்துவிட்டார். புளித்தண்ணீரைக் கண்ணீராக்கினார்.*

* கதாநாயகன் வெடிமருந்தை ‘உள்ளங்கையில் அள்ளி நிரப்பினான்’ என்றும் எழுதினார். பிற்பாடு அந்த வரியைப் படித்த றூபன் தலையில் கைவைத்துவிட்டான். “அக்கா, அப்படி நிரப்பினால் துவக்கு வெடிச்சு ஆள் போயிடும். அழுறதுக்கு ஆள் மிஞ்சாது.” அந்த வரியைத்தான் நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டினீர்கள்.

பெயரை மட்டும் ‘றெஜி’ என்று மாற்றினார். தொழிலை மாற்றவில்லை. தெருவை மாற்றவில்லை. றூபன் வீட்டு வாசலில் எப்போதும் நிற்கும் குள்ள நாயைக்கூட மாற்றவில்லை. கடைசியில் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தப் பிழையையும் செய்தார். தலைப்புக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: உண்மைச் சம்பவம்.

ஏனென்றால், கதை என்று போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள். பொய் சொல்லாமல் சொல்லுங்கள், படிப்பீர்களா?

5

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பாதி நீங்கள் செய்தது.

இலக்கியச் சந்திப்பு நடத்தும் கொட்வின் தொலைபேசியில் விம்மினார். “அக்கா, நெஞ்சு வெடிச்சுப்போச்சு. வாற மாதம் நீங்கள் வந்து வாசிக்கவேணும்.” அருள்நாயகி ‘அப்படியொன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே எந்தச் சேலை என்று யோசித்தார்.

பங்கு மண்டபத்தில் றெஜி யாரென்று கண்டுபிடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை. நல்ல மனசுக்காரர்கள் கதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ‘இந்த மனிதருக்கு உதவி தேவை’ என்று பொலிசுக்கு அனுப்பினார்கள். ஒருவர் அல்ல, பலர். அவ்வளவு அன்பு.

பொலிசார் வந்தார்கள். துப்பாக்கியையும் வெடிமருந்தையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். லைசென்ஸ் பறிபோனால் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேசையில் இரும்பு அழுத்தி மட்டும் மிச்சம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லையாம்.

6

விசாரணைக்குப் பொறுப்பான பெண் பொலிஸ் அதிகாரி அருள்நாயகிக்கு எடுத்த அழைப்பை அப்படியே தருகிறேன். (பார்த்தீர்களா, ‘நான்’ எட்டிப் பார்த்துவிட்டது. தருகிறார்.)

நீங்கள் எங்களிடம் சொன்னது, அவர் நிதானமானவர், பிரச்சினை எதுவும் இல்லாதவர் என்று. நீங்கள் எழுதியதில் அவர் இரவெல்லாம் அழுகிறார். எது பொய்?

எழுதியதுதான் பொய், என்றார் அருள்நாயகி.

ஆனால் உண்மைச் சம்பவம் என்று போட்டிருக்கிறீர்களே.

நாங்கள் தமிழில் அப்படித்தான் போடுவோம்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பிறகு அதிகாரி மிக மரியாதையாகக் கேட்டார்: அத்தனை பேருக்குப் பொய்யை உண்மை என்று கொடுத்தவர், எங்களுக்குத் தந்த சாட்சியை மட்டும் எப்படி நம்புவது? அத்தோடு, அவருக்காகக் கவலைப்பட்டு எழுதியவர்கள் இத்தனை பேர். அவர்கள் எல்லாரும் இன்னும் கவலையோடுதானே இருக்கிறார்கள்?

அருள்நாயகிக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, இந்தக் கதையில் யாருக்காவது உண்மையான அழுகை வந்ததென்றால் அது அந்த இடத்தில்தான்.

7

றூபன் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். பண்ணைக்குப் போகவேண்டிய நேரம். துவக்கு இல்லாததால் நேரம் இருந்தது. சத்தம் போடுவான் என்று அருள்நாயகி எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கோயில்ல எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிக்கினம், அக்கா. வீடு பாக்க வாற சனம்கூட என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அண்டைக்கு ஒரு மனுசி, வாடகை கொஞ்சம் கூட எண்டாலும் பரவாயில்லை, நீங்கள் நிறைய இழந்திட்டீங்கள் எண்டு சொல்லுது.”

“நான் அந்தக் கதையை அழிச்சிட்டன், றூபன். உடனயே அழிச்சிட்டன்.”

“எல்லாரும் போன்ல படம் எடுத்து வச்சிருக்கினம். அக்கா, ஒண்டு கேக்கிறன். என்ர வாழ்க்கையில ஒண்டும் நடக்கேல்லை எண்டது உங்களுக்கு ஏன் போதாமப் போச்சு?”

அருள்நாயகி தேநீரை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.

“ஒண்டும் நடக்கக்கூடாது எண்டுதானே அப்பா இருந்த காணியையும் வித்து எங்களைக் கொண்டுவந்தவர். அவர் சாகும்வரைக்கும் அதைத்தான் பெருமையாச் சொன்னவர். என்ர பெடியனுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு. நீங்கள் அந்த மனுசன்ர உழைப்பை அழிச்சுப்போட்டீங்கள்.”

தேநீரைத் தொடாமலே எழுந்து போனான்.

8

முடிவுகள்.

அ) துப்பாக்கி திரும்பி வருகிறது. துசியந்தி புளியை ஒளித்துவைக்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். (அருள்நாயகி தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள எழுதிய முடிவு. கிழித்தாயிற்று.)

ஆ) லைசென்ஸ் பறிபோகிறது. றூபன் இரும்பு அழுத்தியை விற்பதற்காகத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே —

(பார்த்தீர்களா, மறுபடி ஜன்னல், மறுபடி சோகம்.)

இ) றூபன் உண்மையிலேயே போராளிதான், டெரெக், கோழி எல்லாம் அவன் போட்ட வேஷம். இது கொட்வின் சொன்ன முடிவு. “அப்பதான் அக்கா கதை நிக்கும்.” உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இரண்டாம் பகுதியிலிருந்தே இருக்கிறது என்பது அருள்நாயகிக்குத் தெரியும். இல்லை. இல்லை. இல்லை. அவன் வீடு விற்கிறவன். நரி சுடுகிறவன். அலுப்படிக்கிற ஆள்.

உண்மையான முடிவு இன்னும் வரவில்லை. அது அருள்நாயகியின் கையிலும் இல்லை. பொலிசுக்கு எழுதியவர்களே, இன்னொரு தடவை எழுதுங்கள்: நாங்கள் ஏமாந்தோம், அந்த மனிதருக்கு ஒன்றுமில்லை என்று. பகிர்ந்தவர்களே, இதையும் பகிருங்கள். முதல் கதைக்கு ஒரே இரவில் ஊரெல்லாம் போகும் கால் இருந்தது. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை, றூபன் அழவில்லை, ஒரு தகப்பன் ஆசைப்பட்டபடியே அவர் மகனுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

பகிருங்கள், பார்ப்போம்.