கொட்டகை மாப்பிள்ளை

பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். அந்தத் தொகையை முதலாளியம்மா தேனீக் கொட்டகையின் கதவிலேயே சாக்பீஸால் எழுதிவிட்டுப் போயிருந்தார். காகிதத்தில் எழுதினால் காணாமல் போகும், கதவில் எழுதினால் தினமும் திறக்கிற ஆள் கண்ணில் படும் என்று அவருக்குத் தெரியும். திறக்கிற ஆள் பூட்டு. கொட்டகைச் சாவியை இடுப்பை விட்டு இறக்கமாட்டார், குளிக்கும்போதுகூடக் குழாயில் தொங்கவிட்டுக் கண் பார்வையில்தான் வைத்திருப்பார். அதனால் பண்ணையில் ஒட்டிய பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அது மாட்டுத் தீவனமான குதிரை மசாலின் விதைப் பண்ணை. அந்தப் பூவுக்கு வீம்பு அதிகம். தேனீ வந்து உட்கார்ந்து அழுத்தினால்தான் வாயைத் திறக்கும், இல்லாவிட்டால் விதையே கிடையாது. அதற்காகவே இலைவெட்டித் தேனீ வளர்த்தார்கள். கொட்டகை முழுக்கத் துளை போட்ட மரப்பலகைகள். ஒவ்வொரு துளையும் ஒரு பெண் தேனீயின் வீடு. இலையை வட்டமாகக் கத்தரித்து வந்து, சுருட்டு மாதிரிச் சுருட்டி, உள்ளே மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன் மேல் ஒரு முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். இப்படி முட்டை அடைத்த சுருட்டுகளை வருஷா வருஷம் விலைக்கு வாங்கித் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். வெயில் ஏற ஏறத் தேனீ பொரிந்து வெளியே வரும்.

இந்த வருஷம் பாதிதான் வேலைக்கு வந்தது.

"சாரல்ல ஜன்னல் பலகைய சாத்தாம விட்டிருக்கீங்க பூட்டு. ஈரம் இறங்கிக் குஞ்சு செத்துப் போச்சு."

"சாத்தினேம்மா."

"சாத்தினா பாதித் தேனீ எங்க போச்சு? அதச் சொல்லுங்க முதல்ல."

செத்த தேனீக்காகக் கதவில் எழுதிய தொகை வருகிற சனிக்கிழமை முதல் சம்பளத்தில் பிடித்தம், சாவி வேறு ஆளுக்கு என்று சொல்லிவிட்டார் முதலாளியம்மா. பணம் போனால் வயிற்றைக் கொஞ்சம் கட்டிச் சமாளிக்கலாம். சாவி போனால் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றுதான் பூட்டுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகையில் இன்னொரு கூட்டமும் இருந்தது. கரிய உடம்பு, வெள்ளைக் கோடு, பென்சிலைச் சீவி வைத்ததுபோல் கூரான பின்பக்கம். இலை வெட்டாது, மகரந்தம் சுமக்காது. பகலெல்லாம் துளைகளின் முன்னால் உலாத்தும். பொழுது சாய்ந்தால் எதையாவது வாயால் கவ்விக்கொண்டு அந்தரத்தில் தொங்கியபடி தூங்கும். இதெல்லாம் ஆண் தேனீ, இந்த வருஷம் ஆண் கொஞ்சம் அதிகமாகப் பிறந்துவிட்டது என்று பூட்டு முடிவுகட்டி, அவற்றுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயரும் வைத்தார். பாவம், கவ்வ இடமில்லாமல் அலைகிறதே என்று வாசல் ஓரம் ஒரு சணல் கயிறும் கட்டிவிட்டார்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய மகளின் கணவர் இரண்டு வருஷமாக அவர் வீட்டோடுதான் இருந்தார். முன்னறையைப் பாதி அடைத்துக்கொண்டு ஒரு மேஜை, அதில் செத்துப்போன செல்போன்கள், ஸ்க்ரூ, பஞ்சு, ஒரு தாங்கியில் பூதக்கண்ணாடி. ரிப்பேர் வேலை என்று பேர். வருகிற வாடிக்கையாளரைவிட விருந்தாளி அதிகம்.

"கொட்டகையிலயும் நம்ம வீடு மாதிரிதான். வரும், சாப்பிடும், தூங்கும்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் சொல்லி பூட்டு சிரித்தார். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே தானும் சிரித்து வைத்தார். பூட்டின் மனைவி மட்டும் குழம்புக் கரண்டியை 'ணங்' என்று வைத்தாள்.

ஞாயிறு காலை, வேலை நாள் இல்லை என்றாலும், பூட்டு கொட்டகைக்குப் போய்ப் பலகை முன்னால் குந்தியிருந்தார். சாவியோடு இன்னும் ஒரு வாரம்தான். ஒரு பெண் தேனீ தன் துளையிலிருந்து இலை வெட்டப் பறந்தது. அது போன கையோடு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஒன்று எழுந்து வந்து, அந்தத் துளைக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரம் உள்ளே இருந்தது. வெறுங்கையோடு வெளியே வந்து, காலால் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு அடுத்த துளையின் முன்னால் போய், வீட்டுக்காரி எப்போது கிளம்புவாள் என்று உட்கார்ந்தது.

பிரசவ அறையில் ஆம்பளைக்கு என்ன வேலை?

கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்தார். ஒத்துப்பார்க்கச் சாதாரணத் தேனீ ஒன்றையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளையின் மேஜை முன்னால் நின்று, கனைத்தார்.

"மாப்ள, உங்க கண்ணாடிய ஒரு நிமிஷம் தர முடியுமா?"

"போனா மாமா?"

"போன் இல்ல. உங்க பேர்ல ஒண்ணு திரியுதே, அது."

மாப்பிள்ளைக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கியது. ஆனாலும் மேஜையை ஒதுக்கித் துடைத்தார். இரண்டு தேனீயையும் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து மயங்கவைத்து, ஸ்க்ரூ எடுக்கும் இடுக்கியால் பூப்போலத் தூக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். அந்த விரலின் நிதானத்தைப் பூட்டு அன்றுதான் பார்த்தார். தேனீயின் ஒரு கால்கூட மடங்கவில்லை.

அரசாங்கப் பூச்சி ஆபீசரின் எண் கொட்டகைச் சுவரில் எப்போதோ ஒட்டிய தாளில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அந்த அம்மாள் எடுத்தார்.

"வாயால சொன்னா நான் எதையும் உறுதியா சொல்ல முடியாதுங்க. நாலு விஷயம் பாருங்க. வயித்துக்கு அடியில முடி இருக்கா? தலையில நீட்டிட்டிருக்கிற கொம்புல எத்தன கணு? கண்ணு மேல முடி இருக்கா? தோள்ல முள்ளு இருக்கா? நாலையும் படம் எடுத்து அனுப்புங்க, காத்திருக்கேன்."

மாப்பிள்ளை தன் போனையே கண்ணாடியின் மேல் பொருத்தினார். முதலில் சாதாரணத் தேனீயைப் புரட்டினார். வயிற்றுக்கு அடியில் துடைப்பம் மாதிரி அடர்ந்த பொன்னிற முடி, முடி நிறைய மகரந்தத் தூள். பிறகு கூரான பின்பக்கம் உள்ளதைப் புரட்டினார். வயிறு பாத்திரம் தேய்த்ததுபோல் மொழுக்கென்று இருந்தது.

"சுமக்கிற பை இல்ல மாமா இதுக்கு."

"ஆம்பளைன்னா பை இருக்காதே."

"இருங்க." அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கொம்பின் கணுக்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். "பன்னெண்டு."

"ஆணுக்குப் பதிமூணு" என்றது ஸ்பீக்கரில் ஆபீசரின் குரல். "பன்னெண்டுன்னா அது பொண்ணு."

வாசற்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த பூட்டின் மனைவி தலையைத் தூக்கினாள்.

"அப்ப ரெண்டு மாசமா நீங்க மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு சொன்னது பொம்பளையவா? மாமியார்னுல்ல சொல்லியிருக்கணும்?"

"நான் அப்படிச் சொல்லல அத்தை" என்றார் மாப்பிள்ளை அவசரமாக.

"நீங்க சொல்ல மாட்டீங்க. சொல்ற வாய் எதுன்னு எனக்குத் தெரியும்."

ஆபீசர் கேட்ட மற்ற இரண்டும் இருந்தன. கரிய கண்ணின் மேல் பூனைமுடி, தரையில் புல்லை ஒட்ட வெட்டிவிட்ட மாதிரி. முதுகில் தோளின் இரு பக்கமும் பின்னோக்கி நீட்டிய இரண்டு முள். படங்கள் போன கொஞ்ச நேரத்தில் ஆபீசரிடமிருந்து பதில் வந்தது.

"கூர்வால் தேனீதான், சந்தேகமே வேண்டாம். திருட்டு வகை. குயில் காக்கா கூட்டுல முட்டை போடுதில்ல, அதே வேலை. வீட்டுக்காரி வெளிய போனதும் உள்ள நுழைஞ்சு, அந்தக் கூரால இலைய ஓட்டை போட்டு முட்டைய சொருகிடும். அதோட புழு, வீட்டுக்காரி பிள்ளையக் கொன்னுட்டு சோத்தையும் தின்னுடும். ஈரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பூட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். பிறகு மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார், எதற்கென்று தெரியாமல் எடுத்துக்கொண்டார்.

"மாப்ள, சாயங்காலம் என்கூட பண்ணைக்கு வர முடியுமா? அந்தக் கண்ணாடியோட."

முதலாளியம்மா படங்களை எல்லாம் பார்த்தார். அசரவில்லை.

"திருடி இருக்கா, சரி. அவ பூவுல இருந்து வந்தாளோ, பக்கத்துக் காட்டுல இருந்து வந்தாளோ. என் சுருட்டுல பாதி செத்தது இவளாலதான்னு எப்படி நம்புறது?"

பூட்டு தட்டில் மீதமிருந்த, இன்னும் பொரியாத சுருட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே பிளேடு.

"நான் தொட மாட்டேம்மா. நீங்களே எடுங்க, நீங்களே கீறுங்க. சுருட்டு நீங்க காசு கொடுத்து வாங்கினது, இலை அந்தத் தாய் வெட்டினது. உள்ள யார் பிள்ளை இருக்குன்னு நீங்களே பாருங்க."

முதல் சுருட்டைக் கீறினார். உள்ளே நல்ல தேனீ, பொன்னிற வயிறு. முதலாளியம்மா பூட்டைப் பார்த்தார். இரண்டாவதில் வெறும் காய்ந்த தூள். "இது ஈரம்தானே?" என்றார். மாப்பிள்ளை மெதுவாக, "இன்னொண்ணு எடுங்கம்மா" என்றார்.

மூன்றாவது. பச்சை மங்கிய இலைச்சுருள் பிரிந்ததும் உள்ளேயிருந்து கரிய கூர்முனை எட்டிப் பார்த்தது. முதலாளியம்மா அதைத் தானே கண்ணாடிக்குக் கீழே வைத்துக் குனிந்தார். வயிற்றைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். நான்காவதிலும் அதுதான். ஐந்தாவதிலும். அப்புறம் அவரே ஆர்வம் தாங்காமல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வாங்கும்போதே உள்ள இருந்திருக்கா" என்றார் கடைசியில்.

"ஆமாம்மா. பூட்டு வெளியில. திருடி உள்ள."

"இப்ப பலகையிலயும் முட்டை போட்டுட்டிருப்பாளே. அத்தனையும் எப்படிப் பிடிக்கிறது? வலை போட்டா நம்ம தேனீயும் மாட்டும்."

அப்போதுதான் பூட்டுக்குச் சிரிப்பு வந்தது. பொழுது சாய்ந்திருந்தது. அவர் வாசலுக்குப் போனார். தான் இரக்கப்பட்டுக் கட்டிய சணல் கயிற்றில், துணி காயப்போட்டதுபோல், திருடிகள் எல்லாம் வரிசையாகக் கவ்விக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல தேனீ ஒன்றுகூட அதில் இல்லை, அவை தங்கள் துளைகளுக்குள் உறங்கின. கயிற்றின் இரண்டு முனையையும் அவிழ்த்து, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் அப்படியே இறக்கினார்.

முதலாளியம்மா வாளியையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் கயித்த எதுக்குக் கட்டினீங்க?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். பூட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு மரியாதைன்னு கட்டினேம்மா. திருடிய கண்டுபிடிச்சது நான் இல்ல. இவர்தான், இவர் கண்ணாடிதான்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். ஆனால் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்கிற மாதிரி இல்லை.

"தினமும் கட்டுங்க கயித்த" என்றார் முதலாளியம்மா. "வாரத்துக்கு ஒருநாள் தம்பி வந்து சுருட்டப் பார்க்கட்டும், கூலி தர்றேன்." பிறகு கொட்டகைக் கதவருகே போய், புடவைத் தலைப்பை எடுக்க மனமில்லாமல், வெறும் உள்ளங்கையாலேயே தொகையைத் துடைத்தார். கையில் வெள்ளை ஒட்டியது. கதவில் கடைசிப் பூஜ்யம் மட்டும் பாதி நின்றது.

பூட்டு அதன் அருகே போய்க் கட்டைவிரலை நக்கினார்.

"அது பூஜ்யம்தானே, கிடக்கட்டும் விடுங்க."

"கிடக்கக் கூடாதும்மா. முன்னால யாராவது ஒண்ணப் போட்டா பத்தாயிடும்" என்று அதையும் அழுத்தித் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தி, இடுப்புச் சாவியை எடுத்தார்.