நாற்பது நிமிட ஏற்றம்

1

‘இந்த மனுஷன் என்னைத் தனியா நடக்க விட்டிருக்கக் கூடாது.’

செனோபியா இப்படி நினைத்தாள் என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் பெயர்கூடத் தெரியாது. பெருவின் மலைச்சாலையில், புக்கியோவிலிருந்து அபன்காய்க்கு வீடு திரும்பும்போது, பேருந்துச் சன்னல் வழியாக, ஏற்றத்தில் தனியாக நடந்துபோகும் ஒரு பெண்ணைப் பார்த்தேன். இரண்டு வளைவு தள்ளி, உச்சியில், மூட்டை ஏற்றிய மோட்டார் சைக்கிளோடு ஒருவன் நின்றிருந்தான். கையில் இருந்தது இவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

‘ஈயத் தகடு போன்ற வானத்தின் கீழே, காற்று தன் பழைய’

(விட்டுவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் வானத்தைப் பார்ப்பேன்.)

இரண்டாவது: காலை ஐந்து மணிக்குப் புக்கியோவிலிருந்து கிளம்பினார்கள். செனோபியாவும் அவள் புருஷன் ஹசிந்தோவும். வண்டியில் போர்வைகள், அடுப்பு, சந்தையில் அவள் பதினோரு வருடம் சூப் விற்ற பெரிய பானை. மூன்று நாள் ஓட்டினால் காட்டுப்பக்கம் இறங்கலாம். அங்கே ஆற்றில் தங்கம் அரிக்கும் முகாமில் ஹசிந்தோவுக்கு வேலை. சமைக்க ஒரு பெண்ணையும் கூட்டி வந்தால்தான் வேலை என்று மேஸ்திரி சொல்ல, இவன் சரி என்றுவிட்டான். அவளைக் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை, மூட்டை கட்டினாள்.

இது போதும். வானம் வேண்டாம்.

3

நாலாயிரம் மீட்டருக்கு மேலே அந்தச் சின்ன இன்ஜினுக்குக் காற்று போதாது. ஃபில்டரைக் கழற்றினாலும் திணறும். கடைசி ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமக்காது. அதனால் பின்னால் இருப்பவர் இறங்கி நடப்பார், ஓட்டுகிறவர் உச்சியில் காத்திருப்பார். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.*

“இறங்கு கிழவி. மூச்சு வாங்குது.”

“யாருக்கு? உனக்கா, வண்டிக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான். அந்தப் பானையையாவது விட்டுட்டு வந்திருக்கலாம்.”

“என்னை விட்டுட்டு வந்திருக்கலாம்னு சொல்லேன்.”

“நீ இல்லாம வெறும் பானையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

சிரித்துக்கொண்டே இறங்கினாள். மலையேற்றத்தில் மூச்சு வாங்காமலிருக்க மென்று கன்னத்தில் ஒதுக்கியிருந்த கோக்கா இலையைத் துப்பிவிட்டு நடந்தாள். இரண்டு பேருக்கும் நாற்பது வயது. பத்து வருடமாகவே ஒருவருக்கொருவர் கிழவன், கிழவி.

* நானும் யோசித்ததில்லை. எழுதும்போதுதான் உறைத்தது: சந்தை, வீடு, அவன் பேச்சு என்று எங்கேயும் அவளுக்குத் தனியாக நாற்பது நிமிடம் வாய்த்ததில்லை. அவன்தான் கொடுத்தான், தெரியாமல்.

4

ஹசிந்தோவை முதலில் அடிக்கிறவனாக எழுதியிருந்தேன். அப்படி இருந்தால் அவள் மறுப்பது எளிது, எனக்கும் எளிது. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். இவன் நல்லவன். குளிருக்குத் தன் கையுறையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் மேலே போனான். அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். அவளுக்காக அவனே பதில் சொல்லிவிடுவான்.

அவள் நடந்தாள். இருபது அடிக்கொரு தரம் நின்று மூச்சு வாங்கினாள். முகாமில் முப்பது ஆண்கள். விடிவதற்கு முன் முப்பது தட்டு, மத்தியானம் முப்பது, இருட்டியதும் முப்பது. ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்தாள், சத்தமில்லாமல். வாயில் அது எப்படி உட்காருகிறது என்று பார்க்கத்தான். அடுத்த வளைவில் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். சரிவில் மேய்ந்துகொண்டிருந்த, லாமா போன்ற விக்குன்யாக் கூட்டம் ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது.

(இங்கே அவளை அழவைத்தேன். அவளுக்கு மூச்சே போதவில்லை. எடுத்துவிட்டேன்.)

5

“நாப்பது நிமிஷமா? விக்குன்யாவோட கதை பேசிட்டிருந்தியா?”

“ஆமா. உன்னை விட நல்லாக் காது குடுக்குது.”

“சரி, ஏறு. ஆலங்கட்டி வரும்போல இருக்கு. அங்க முப்பது பேரு பசியோட இருக்கான்.”

“அந்த முப்பது பேருக்கு வாக்குக் குடுக்கறப்ப என்னைக் கேட்டியா?”

அவன் வண்டியைப் பார்த்தான். “நீ வேணாம்னு சொல்லலையே.”

“நீ கேக்கலையே.”

இதற்குப் பிறகு எழுத மூன்று நாள் ஆனது. ஒரு முடிவில் அவள் ஏறிக்கொண்டாள், இறக்கத்தில் வண்டி வேகம் பிடிக்க, அவன் முதுகில் முகத்தைப் புதைத்து (நானாக இருந்தால் ஏறியிருப்பேன். ஏறியும் இருக்கிறேன். அதனாலேயே அந்த வரியை முடிக்கவில்லை.) இன்னொன்றில் வண்டி கிளம்பவே மறுத்தது. முடிவெடுக்கப் பயந்து இன்ஜின் மேல் பழி போடுகிறேன் என்று புரிந்ததும் அதையும் அடித்தேன்.

மூன்றாவதில் ஹசிந்தோ நான் எதிர்பார்க்காததைச் செய்தான். இன்ஜினை அணைத்தான். இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான்.

“சரி, இப்பக் கேக்கறேன். என்கூட வர்றியா?”

கேட்கவே தெரியாதவன் கேட்டதாலேயே, அந்தக் கேள்விக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அவளுக்கும்தான். அவன் சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுவிட்டாள். கையுறையைத் திருப்பிக் கொடுத்தாள்.

“வரலை, கிழவா.”

அவன் ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். வாசகருக்கு ஒரு காரணமாவது சொல்ல வேண்டாமா, புக்கியோவுக்கே திரும்புவாயா, வேறெங்காவதா, ஒரு வரியாவது கொடு என்றேன். அவள் மூட்டையின் கயிறு தளர்ந்திருந்த இடத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டாள், அவனுக்காக. பிறகு, என் பக்கம் திரும்பாமலே, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள்.