ஆயில்யம் முடியும்வரை

பங்குனி முடிவதற்குள் சூலூர்த் தறிக்காரர் திருமலைசாமியின் வீட்டில் குழந்தை பிறந்தாக வேண்டும். சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. இது அவருடைய தாயார் பங்காரம்மாவின் தீர்ப்பு. அந்த வீட்டில் தீர்ப்பு வழங்குவது ஒருவர், வயிற்றைச் சுமப்பது வேறொருவர்.

திருமலைசாமியின் மனைவி சாந்தாமணி மாமியாரின் ஆணைப்படி விளக்கெண்ணெய் குடித்தாள், அன்னாசிப்பழம் தின்றாள், மொட்டைமாடிப் படிகளில் ஏறி இறங்கினாள். விளக்கெண்ணெய் தனக்குரிய வேலையை மட்டும் செவ்வனே செய்தது. வலி வரவில்லை.

பீளமேட்டு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்த டாக்டர் அற்புதம், நாள் கடந்துவிட்டது, பனிக்குட நீரும் குறைகிறது, இனித் தாமதித்தால் குழந்தைக்கு ஆபத்து என்றார். காலையில் கருப்பை வாயில் ஜெல் வைத்தார்; மதியம் வலி கூட்டும் டிரிப் ஏறியது. நவீன மருத்துவம் பஞ்சாங்கத்துக்குக் கீழ்ப்படிந்ததில் பங்காரம்மாவுக்குப் பெருமகிழ்ச்சி. அதைக் காரமடை ஜோசியருக்குத் தொலைபேசியில் தெரிவித்தபோதுதான், அன்று மாலைவரை ஆயில்யம் என்பது தெரிந்தது. ஆயில்யத்தில் பிறக்கும் பெண் மாமியாரை விழுங்கிவிடுவாளாம். எவரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, டிரிப்பைக் கொஞ்சம் நிறுத்திப்போடுங்க. சாயந்தரத்துக்கு மேல ஓட்டிக்கலாமுங்க," என்றாள் பங்காரம்மா.

"இது என்ன உங்க ஊட்டுத் தறியாங்க, நெனச்சா நிறுத்தி நெனச்சா ஓட்டறதுக்கு?" என்று கூறிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குச் சென்றார்.

தறி என்ற சொல் திருமலைசாமியின் அறிவைத் தூண்டிவிட்டது. தாயார் கண்ணைக் காட்ட, அவர் டிரிப் குழாயின் சிறு சக்கரத்தைத் திருகி அடைத்தார்.

"சித்த பொறுத்துக்க அம்மணி."

சொட்டு நின்றதைச் சாந்தாமணி பார்த்தாள். "சிஸ்டர்!" என்று அவள் கத்தியதில் வராந்தாவே எழுந்து நின்றது. ஓடி வந்த சிஸ்டர் சக்கரத்தைத் திறந்துவிட்டு, திருமலைசாமியை வெளியே தள்ளினார். பங்காரம்மா நகரவில்லை.

"பொட்டப்புள்ளையாப் போச்சுன்னா எந்த மாமியாக்காரி கண்ணு, அதைப் பையனுக்குக் கட்டிக்கிட்டுப் போவா?"

"பத்துப் பொருத்தமும் பாத்துத்தானுங்க அத்தை என்னைக் கட்டுனீங்க," சாந்தாமணி வலியில் பல்லைக் கடித்தாள். "எம்புள்ளைக்காவது மாமியா இல்லாம இருக்கட்டுமுங்க."

பெண் குழந்தை. உரக்க அழுதது, வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பங்காரம்மா, "ஆயில்யம் முடிஞ்சு, மகம் வந்தொடனே பொறந்தாளுங்க," என்றாள். ஒவ்வொரு முறையும் உள்ளே கட்டிலிலிருந்து ஒரு குரல் மரியாதை குறையாமல் திருத்தியது:

"ஆயில்யமுங்க."