மில்லுக்குப் போன பொடி

"சார், அந்தப் பொடியோட போட்டோ எனக்கு வேணும்."

கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நின்றபடியே கேட்டாள் கனகலட்சுமி. இரண்டு கையிலும் மூடி போட்ட கண்ணாடிக் குடுவைகள். வாயருகே போன டீ கிளாஸை மேனேஜர் ஸ்ரீதர் அப்படியே கீழே வைத்தார். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்: லீவு கேள், புது தராசு கேள், பொடியின் படத்தை மட்டும் கேட்காதே. அது பொடியை அனுப்பும் தாய்க் கம்பெனிக்காரன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. அவனுடைய ரகசியம்.

"சாப்டியாம்மா?" என்றார்.

"அப்புறம் சாப்பிடறேன். போட்டோ வேணும்."

"உக்காரு முதல்ல."

அவள் உட்காரவில்லை. குடுவைகளை மேஜைமேல் வைத்தாள்.

ஒரகடத்தில் அந்தக் கம்பெனி செய்தது சுவர்ப் பெயின்ட். வெளிச்சம் பட்டால் தன்மேல் ஒட்டிய அழுக்கைத் தானே தின்றுவிடும் பெயின்ட் என்று விளம்பரம். தின்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. பார்ப்பதற்குக் கோலமாவுதான், ஆனால் ஒவ்வொரு துகளும் சாதாரண மைக்ராஸ்கோப்பில்கூட சிக்காத நானோ அளவு. அது உண்மையிலேயே தின்கிறதா என்று பார்ப்பது கனகலட்சுமியின் வேலை. நீலச் சாயம் கரைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு மொட்டைமாடி வெயிலில் வைப்பாள். நல்ல பொடியாக இருந்தால் மதியத்துக்குள் நீலம் காணாமல் போய்விடும்.

கொஞ்ச நாளாகப் போகவில்லை. கலவைத் தொட்டியில் போடுவதற்கு முன் எடுத்த பொடி நீலத்தைப் பாதிகூடப் போக்கவில்லை. மேகமூட்டமோ என்று பார்த்தாள், வெயில் கொளுத்தியது. போர்வெல் தண்ணீரின் உப்போ என்று கேன் தண்ணீர் வாங்கி வைத்துப் பார்த்தாள். துகள் இன்னும் சிறுத்தால் சரியாகும் என்று, பொடி அரைக்கும் மில்லை ஓட்டும் பேச்சிராஜிடம், "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கண்ணே" என்றாள். அரைக்க அரைக்கத் துகள் சிறுக்கும், சிறுத்தால் மேற்பரப்பு கூடும், கூடினால் வேலை வேகமாகும். எம்.எஸ்ஸி. பரீட்சையில் முழு மார்க் வாங்கித் தந்த பதில் அது. அவர் ஓட்டினார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

குழப்பம் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். மீட்டிங்கில் அத்தனை பேர் முன்னாலும் பட்டென்று சொல்லிவிட்டாள்: "இது நம்ம பொடியே இல்ல சார். யாரோ மாத்திட்டாங்க."

வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்த பதிலைச் சந்தேகப்படலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆளைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் அந்தப் பொடியைத் தொடுகிற ஆள் ஒருவர்தான். விலை உயர்ந்த பொடியை வெளியே விற்றுவிட்டு மலிவுப் பொடியைப் போட்டுவிட்டார் என்று பேச்சிராஜை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இன்று மதியம் விசாரணை.

காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கேட் ஓர பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஆள்; குன்றத்தூரில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஊர்க்காரி என்று அவளிடம் எப்போதும் உரிமையாகப் பேசுவார்.

"வா தாயி. நீ சொன்ன ஒத்த வார்த்தைல என்னைய கேட்டுக்கு வெளிய உக்கார வச்சிட்டாங்க பாத்தியா?"

"நான் உங்க பேரச் சொல்லலண்ணே."

"பேரு சொல்லணுமாக்கும்? அங்க நான் ஒருத்தந்தான நிக்கேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தச் சுண்ணாம்பத் திருடி நான் என்ன செய்ய? தோசையா சுட முடியும்? திருட்டுப்பயன்னு வெளிய அனுப்பிட்டா இந்த ரோட்டுல ஒரு கம்பெனியும் உள்ள விடாதும்மா. நீயே சொல்லு, நான் மாத்தினத நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. நேரே ஸ்டோருக்குப் போனாள். சீல் உடைக்காத டிரம் ஒன்றை ஷிப்ட் சூப்பர்வைசர் தணிகாசலத்தை நிறுத்தி வைத்துத் திறந்தாள். ஒரு கரண்டிப் பொடியை அப்படியே எடுத்துக்கொண்டாள். இன்னொரு கரண்டியை, லேபிலிருந்த குட்டி மில்லில் தானே அரைத்தாள். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. இரண்டு குடுவை நீலத் தண்ணீரிலும் ஒவ்வொரு சிட்டிகை. மாடி வெயிலில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் தணிகாசலம் மாடியேறி வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாமா இது? ஒண்ணு பச்சத்தண்ணி மாரி கீது, ஒண்ணு அப்டியே நீலமா கீது. ரெண்டும் ஒரே டிரம்முதானே?"

"ஒரே டிரம்தான்."

"நீதானே அரைச்சே?"

"நான்தான்."

"அப்ப நீயும் திருடியா?" என்று கேட்டுவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். "எனுக்கு ஒண்ணும் புரீல. உனுக்கு?"

அவளுக்கும் புரியவில்லை. நைசாக அரைத்தது தோற்கிறது, அரைக்காதது ஜெயிக்கிறது. யாரும் எதையும் மாற்றவில்லை, அது மட்டும் தெரிந்தது. குடுவைகளை எடுத்துக்கொண்டு நேரே இந்த அறைக்கு வந்துவிட்டாள்.

ஸ்ரீதர் குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அரைச்சா நல்லா வேலை செய்யணும். நீயே எனக்குப் பாடம் எடுத்தே. ஆக உன் டெஸ்ட்ல ஏதோ தப்பு."

"போட்டோவக் காட்டுங்க சார், தப்பு எங்கன்னு தெரிஞ்சிரும்."

என்ன நினைத்தாரோ, மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து அவள் முன்னால் வீசினார். "பாரு. பாத்துட்டுக் கிளம்பு."

கறுப்பு வெள்ளைப் படம். உருண்டை உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு உருண்டைகூட இல்லை. பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிய சேமியா மாதிரி, எல்லாம் நீள நீளக் குச்சிகள்.

"குச்சியா சார் இது?"

"பாத்தா எப்படி இருக்கு?"

"மில்லுல போட்டா ஒடையுமே."

அவள் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அப்படியானால் பொடி மாறவில்லை, அதன் வடிவம் மாறியிருக்கிறது. வடிவம் மாறினால் வேலை ஏன் நிற்க வேண்டும்? வெளிச்சம் பட்டதும் துகளுக்குள் ஒரு மின்சாரம் கிளம்புகிறது. அது மேற்பரப்புக்கு வந்தால்தான் அழுக்கைச் சிதைக்கும். வழியிலேயே தன்னோடு கிளம்பிய எதிர் மின்னூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் வீண். ஷிப்ட் மாறும்போது உள்ளே வருகிறவனும் வெளியே போகிறவனும் ஒரே கேட்டில் முட்டிக்கொண்டு யாருமே நகர முடியாமல் நிற்பதை நினைத்துக்கொண்டாள். குச்சி மாதிரி நீளக் கொட்டகை என்றால் இருவரும் வேறு வேறு பக்கம் போய்விடலாம். குச்சி உடைந்தால் துகளுக்குள் விரிசல் விழும், அதிலேயே சிக்கிக்கொள்ளுமோ? இல்லை, குச்சியின் பக்கவாட்டு முகத்துக்குத்தான் அந்தச் சக்தியோ? இரண்டுமோ? நினைக்க நினைக்க நூல் இன்னும் சிக்கலாயிற்று.

"அரைச்சதுக்கு அப்புறம் எடுத்த போட்டோ?"

"இல்ல."

"அரைக்கலாம்னு பொடி அனுப்புறவங்க சொன்னாங்களா?"

ஸ்ரீதர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அரைக்காதே, கலக்க மட்டும் செய்னு சொன்னாங்க. ஏன்னு சொல்லல. கட்டி கட்டியா இருந்துச்சு. கஸ்டமர் செவுத்துல விரலைத் தேச்சிப் பாத்துட்டு, நெறுநெறுங்குதுன்னு திருப்பி அனுப்பறான். பெயின்ட் கம்பெனில பொடின்னா மில்லுக்குத்தாம்மா போகும், காலங்காலமா. இந்தக் கொஞ்ச நாளா அப்படித்தான் போடறேன். வழுவழுன்னு ஆச்சு. விரலைத் தேச்சிப் பாக்கறவன் ஆயிரம் பேரு. வெயில்ல வெச்சிப் பாக்கறவ நீ ஒருத்தி."

"அப்ப பேச்சிராஜ் அண்ணன்?"

"நானே வேற இடத்துல சொல்லி விடறேன். நீ இன்னைக்குப் பேசாம இரு, அது போதும். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆகப்போறே. மில்லுதான் காரணம்னு வெளிய போச்சுன்னா, அனுப்பின சரக்கெல்லாம் திரும்பி வரும். அப்புறம் நானும் இருக்க மாட்டேன், உன் லேபும் இருக்காது."

"திருடன்னு பேரு வச்சிட்டு எங்க சார் சொல்லி விடுவீங்க?"

"சரி, போய் என்னத்தைச் சொல்லுவே? ஏன் வேலை செய்யலன்னு கேப்பாங்க. சொல்லத் தெரியுமா உனக்கு?"

"முழுசாத் தெரியாது."

"பொடிய மாத்திட்டாங்கன்னு அன்னைக்கு அடிச்சுச் சொன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்! எனக்குத் தெரியல, நான் சொன்னது தப்புன்னு அத்தனை பேரு முன்னாடி நின்னு சொல்லப் போறியா? வெக்கமா இருக்காது?"

இருந்தது. காது மடல் சுட்டது. படத்தை அவர் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, குடுவைகளை எடுத்துக்கொண்டாள். அவசரத்தில் ஒன்றின் மூடி நெகிழ்ந்து, நீலம் விரலிடுக்கில் வழிந்தது.

"கனகா, உக்காரு. கொஞ்சம் யோசிச்சிப் பண்ணு."

"அதெல்லாம் மாடியிலயே யோசிச்சிட்டேன் சார். இந்தப் படம் எப்படி இருந்தாலும் விசாரணைக்குப் போறதாத்தான் இருந்தேன்."

தோளால் கதவைத் தள்ளி வெளியே வந்தாள். தணிகாசலம் வராந்தாவில் நின்றிருந்தார், உள்ளே பேசியது காதில் விழுந்திருக்கும். ஒதுங்கி வழிவிட்டார். விசாரணை அறை வலது பக்கக் கோடியில். வடிகிற நீலத்தைத் துடைக்காமல் அந்தப் பக்கம் நடந்தாள்.