மிதந்துபோன மேடை

செய்தி வந்தபோது நிசாந்தி எத்தாளைச் சந்தியில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றிருந்தாள். கடைக்காரரின் கணினியில் மின்னஞ்சலைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற சிநேகிதி ஷானிகாவின் தோளில் ஓங்கி அடித்தாள்.

"தந்திட்டாங்களடி."

"என்னத்தை?"

"நாடகத்துக்குக் காசு."

ஷானிகா நின்ற இடத்திலேயே தரையில் இருந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

யுத்தம் முடிந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. ஷானிகா கற்பிட்டிக் கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண். நிசாந்தி சிறுவயதில் தாயோடு வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். இருவரும் ஒரே முன்பள்ளியில் படிப்பித்தார்கள். வளரும் நாடுகளின் கிராமத்துக் கலை முயற்சிகளுக்கு நிதி கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொழும்பில் அலுவலகம் இருந்தது. இரண்டு மீன்பிடிப் போட்டுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, கடல்நீர் உள்வாங்கிக் கிடக்கும் களப்பில் ஒரு மிதக்கும் மேடை. அதில் மீன்கள் மனிதரை ஏலம் விடும் நாடகம் என்று இவர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். கிடைக்குமென்று இருவருமே நம்பவில்லை. அதனால் யார் நடிப்பது என்றுகூட யோசித்து வைத்திருக்கவில்லை.

ஷானிகாவின் மாமா லோறன்ஸ் போட்டுகளைத் தர ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா இல்லை.

"எனக்கும் ஒரு பாகம் வேணும்."

"என்ன பாகம் மாமா?"

"என்னெண்டாலும் பரவாயில்லை. சாகிற பாகம் மட்டும் வேண்டாம்."

வலையில் பிடிபட்ட மனிதன் அவர்தான் என்று முடிவாயிற்று. முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் இறாலும் நண்டும் ஆனார்கள். ஏலம் கூறும் சுறா நிசாந்தி. அவள் அகதி முகாமில் வளர்ந்தவள். அடுத்த கொட்டிலுக்குக் கேட்கும், மெதுவாகக் கதை என்று தாய் சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. ஒத்திகையில் அவள் குரல் இரண்டாவது கதிரை வரிசையைக்கூட எட்டவில்லை.

"கத்தடி" என்று கெஞ்சினாள் ஷானிகா.

"கத்துறன் தானே" என்றாள் நிசாந்தி, மெதுவாக.

முதல் நாடகம் உச்சமுனைத் தீவில். அதைப் பார்க்க நிறுவனத்தின் அலுவலர், சித்தி லெய்லா என்ற முஸ்லிம் பெண்மணி, கொழும்பிலிருந்து வந்தார். அவருக்குத் திருப்தி என்றால்தான் மிச்சக் காசு வரும். பின்னேரம் ஊரே களப்பங்கரையில் கூடியிருந்தது. சுறாத் தலையை மாட்டிக்கொண்டு நிசாந்தி வாயைத் திறந்த நேரம் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. நங்கூரக் கயிறு கழன்றது. மேடையில் நின்றவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கரைதான் தங்களை விட்டுப் போவதுபோல் இருந்தது.

முன்வரிசையிலிருந்த சித்தி லெய்லா பக்கத்தில் நின்ற ஷானிகாவைப் பார்த்தார்.

"நாடகம் எங்க போகுது மகள்?"

ஷானிகாவுக்கு மிச்சக் காசும் மேடையோடு மிதந்து போவதாகப் பட்டது. "பின்னால போவம் மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அவ்வளவுதான். சனம் போட்டுகளைத் தள்ளி இறக்கியது. யாரோ சித்தி லெய்லாவைக் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். எஞ்சின்கள் முழங்கின. மேடை முன்னே போக, பார்வையாளர்கள் பின்னே போனார்கள்.

மேடையில் லோறன்ஸ் வலைக்குள் கிடந்தபடி, "பிள்ளை, நிப்பாட்டாத. சொல்லு" என்றார். நிசாந்தி திரும்பிப் பார்த்தாள். போட்டுகள் தூரத்தில் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்குக் கேட்கவேண்டும். மூச்சை இழுத்தாள்.

"கரையில பிடிச்ச ஆள். நல்ல கொழுத்த ஆள். கேளுங்கோ, கேளுங்கோ."

அந்தக் குரல் களப்பைத் தாண்டிப் போனது. தன் குரலைக் கேட்டு அவளே ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஒரு போட்டிலிருந்து யாரோ தேங்காய் தருவதாகக் கத்தினார்கள். இன்னொன்றிலிருந்து கிழிந்த வலை. நாடகத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. இறாலும் நண்டும்தான் விலை கேட்கவேண்டும்.

இத்தனை போட்டுகள் ஒரே திசையில் போவதைக் கண்டு கடற்படைப் படகொன்று விசாரிக்க வந்தது. எல்லோரும் சட்டென்று அமைதியானார்கள். ஷானிகா எழுந்து நின்று சிங்களத்தில் விளக்கினாள். கடற்படைக்காரன் லோறன்ஸை மேலும் கீழும் பார்த்தான். கூட நின்றவனோடு ஏதோ ஆலோசித்தான். பிறகு சிங்களத்தில், ஒரு மூட்டைப் பருப்புத் தரலாம் என்றான்.

சிரிப்பில் ஒரு போட் சரிந்து தண்ணீர் ஏறியது.

"நான் போறன்" என்றார் லோறன்ஸ் வலைக்குள்ளிருந்து. "நேவியில நல்ல சாப்பாடு."

அவருடைய மனைவி பவுலினா ஒரு போட்டில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். அவள் எழுந்தாள்.

"இந்தக் கதிரையைத் தாறன். மனுசனை விடுங்கோ."

"கதிரை ஒருதரம், கதிரை ரெண்டுதரம்" என்று சுறா கூவியது. மூன்றாந்தரம் சொல்லுமுன் மேடை ஒரு மணல்திட்டில் முட்டி நின்றது. இறால்கள் விழுந்து உருண்டன. சனம் முழங்கால் தண்ணீரில் இறங்கி மேடையைச் சுற்றி நின்றது. மிச்ச நாடகம் அங்கேதான் நடந்தது. கடற்படைக்காரர்களும் நாடகம் முடியும்வரை போகவில்லை.

திரும்பும் வழியில் ஷானிகா சித்தி லெய்லாவின் முகத்தைப் பார்க்கப் பயந்தாள்.

"நீங்க எழுதி அனுப்பின மாதிரி ஒண்டுமே நடக்கல்லயே மகள்" என்றார் அவர்.

"ஓம் மிஸ்."

"எனக்குச் சிரிச்சிச் சிரிச்சி வயிறு நோகுது. அடுத்தது எந்த ஊர்?"

நிசாந்தி அதே போட்டின் முன்முனையில், அணியத்தில், மல்லாந்து கிடந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் வானத்தையும் எஞ்சினையும் எதிரே வந்த கொக்கையும் ஒவ்வொன்றாக ஏலம் விட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கொக்குக்கு சித்தி லெய்லா கொழும்பு வீட்டையே தருவதாகச் சொன்னார்.

மிச்சக் காசு வந்தது. அடுத்த நாடகம் எத்தாளையில். அங்கே சனம் கரையில் கதிரை போட்டு இருக்கவே இல்லை. நேரத்தோடு போட்டுகளில் ஏறிக் காத்துக்கொண்டிருந்தது. ஷானிகா காற்றைப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நங்கூரக் கயிற்றைத் தானே அவிழ்த்தாள். மேடையை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, அது போய்விடுமுன் தாவி ஏறிக்கொண்டாள்.