வியாழக்கிழமை ஆராதனை

மனைவியை அடக்கம் செய்த மறுவாரம், எங்கள் பங்குக் கோயிலின் ஆராதனைக் குழுத் தலைவி வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் அவ உக்கார்ற நேரம் காலியா இருக்கு. பீடத்துல நற்கருணையை வெச்சிட்டா அப்புறம் ஆண்டவரைத் தனியா விடக்கூடாதுல்ல. நீங்க வாங்களேன்.”

“நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரியில அவகூட இருக்க ஒரு ஆள் கேட்டேனேக்கா.”

“அன்னைக்கு எங்க எல்லாருக்கும் ஆராதனை முறை இருந்துச்சே தம்பி.”

அன்று நான் திரும்பி வந்தபோது அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

ஆனாலும் வியாழக்கிழமை போனேன். சிற்றாலயத்தில் வேறு யாருமில்லை. பீடத்தில் பொன்னிறக் கதிர்ப்பாத்திரத்தின் நடுவில், ஆண்டவரின் உடலென்று வணங்கும் நற்கருணை அப்பம் வெள்ளையாக இருந்தது. நான் ஜெபிக்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நேரம் முடிந்தும் அடுத்தவர் வரவில்லை. ஆண்டவரும் தனியாகக் கிடக்கட்டும், அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று எழுந்து கதவு வரை போனேன். கைப்பிடியைத் தொட்டதும் வார்டு கதவு நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்துத் தலைவியே மூச்சு வாங்க ஓடிவந்தார். எனக்கு அடுத்த ஆராதனை நேரம் அவருடையதுதானாம்.

“பாத்தீங்களா தம்பி, ஆண்டவர் உங்களை விடாமப் பிடிச்சு வெச்சிட்டார்!”

“இல்லக்கா, மாத்த ஆள் வரல. அதான் இருந்தேன்” என்று சொல்லி எழுந்தேன்.